வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா? ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கணக்கு

கேள்வி: எனக்கு 20 வயது. பள்ளி முடித்ததும் லிஃப்ட் பராமரிப்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பழுது என்று அழைப்பு வந்தால் தனியாகவே போகிறேன். நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது; கட்டணம் முழுக்கக் கடன்தான். "படிச்சவன்தான் கடைசியில நிப்பான்" என்கிறார் அம்மா. "டிகிரி முடிச்சவன் என்கிட்டதான் வந்து வேலை கத்துக்கிறான்" என்கிறார் என் சூப்பர்வைசர். நோட்டில் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். "கல்விக்கு விலை கிடையாது" என்று பதில் எழுதிவிடாதீர்கள். பணமாகப் பார்த்தால் லாபமா, நஷ்டமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன். நோட்டின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் "படிப்பு", வலப்பக்கம் "வேலை". இடப்பக்கம் நிறைய அடித்தல் திருத்தல். வலப்பக்கத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை. மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. தப்பில்லை. ஆனால் கணக்கில் நான்கு தப்பு இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்வோம்.

படிப்புப் பக்கத்தில் நான்கு வருடச் சாப்பாட்டுச் செலவைச் சேர்த்திருக்கிறீர்கள். வேலையில் இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறீர்கள்? அது படிப்பின் செலவு ஆகாது. படிக்கப் போவதால் புதிதாக முளைக்கும் செலவு மட்டும்தான் கணக்கு: கட்டணம், புத்தகம், லேப்டாப், விடுதியில் தங்கினால் வீட்டில் இருந்ததைவிடக் கூடுதலாக ஆகும் தொகை.

அதே பக்கத்தில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. நான்கு வருடம் வேலைக்குப் போகாததால் வராமல் போகும் சம்பளம். கையை விட்டு யாருக்கும் எண்ணிக் கொடுப்பதில்லை என்பதால் இது கண்ணில் படுவதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கட்டணத்தைவிட இதுதான் பெரிய செலவு. ஏற்கெனவே சம்பாதிக்கும் உங்களுக்கு நிச்சயமாக இதுதான்.

மூன்றாவது, வேலைப் பக்கத்தில் மாதாமாதம் ஓவர்டைம் பணத்தை 40 வருடத்துக்கு அப்படியே நீட்டிவிட்டீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஆள் சிக்கிக்கொண்டது என்று போன் வந்து, ஏழாவது மாடி மெஷின் ரூமுக்குப் படியேறுவது 20 வயதில் ஒன்றுமில்லை. 48 வயதில் முழங்கால் வேறு சொல்லும். நாலாவதை கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

இப்போது திருத்திய கணக்கு. உங்கள் இன்றைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொகையும் அந்த அளவுகோலில்தான். வேலையிலேயே இருந்தால் வருடம் 5 சதவீதம் ஏறும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கு வருடத்தில் விட்டுப்போகும் சம்பளம் 5,172. உங்கள் கடிதப்படி வருடக் கட்டணம் சுமார் ஆறு மாதச் சம்பளம். நான்கு வருடத்துக்கு 2,400. படித்துக்கொண்டே பகுதி நேரமாக மாதம் 30 சம்பாதிக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன், 1,440 கழித்துவிடலாம். மிச்சம் 6,132. அதாவது இந்த டிகிரியின் உண்மையான விலை உங்கள் 61 மாதச் சம்பளம். நோட்டில் நீங்கள் எழுதியிருந்தது அதில் பாதிகூட இல்லை.

படித்து முடித்து 24 வயதில் வெளியே வரும்போது, வேலையிலேயே இருந்த "இன்னொரு நீங்கள்" மாதம் சுமார் 122 வாங்கிக்கொண்டிருப்பார். டிகிரி வாங்கிய நீங்கள் 130-இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 8. இதைப் பார்த்துத்தான் உங்கள் சூப்பர்வைசர் சிரிக்கிறார். அவர் பார்ப்பது முதல் வருடத்தை. அம்மா பார்ப்பது இருபதாவது வருடத்தை. இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

டிகிரிக்காரரின் சம்பளம் வருடம் 8 சதவீதம் ஏறினால், போட்ட 6,132 திரும்பிவர வேலைக்குச் சேர்ந்து 12 வருடம் ஆகும். உங்களுக்கு அப்போது 36 வயது. இது வட்டியைத் தொடாமல் போட்ட கணக்கு. கடனுக்கு வட்டி உண்டு. சொந்தப் பணமாக இருந்தாலும் வேறெங்காவது போட்டிருந்தால் வளர்ந்திருக்கும். ஆகவே 8 சதவீத வட்டியையும் சேர்த்தால் லாபநஷ்டம் சமமாகும் வயது 43.

சரி, 43-க்குப் பிறகு ஓய்வு வரைக்கும் லாபம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தேன். டிகிரிக்காரரின் வருடாந்திர ஏற்றம் 8-க்குப் பதில் 6 சதவீதம். மற்றதெல்லாம் அப்படியே. சமமாகும் வயது 43-இலிருந்து 59-க்குப் போய்விட்டது! இரண்டே இரண்டு சதவீதம், தம்பி. தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது பத்தாவது வருடச் சம்பளத்தை.

படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்காமல் ஒரு வருடம் அலைந்தால்? இன்றைய சம்பளக் கணக்கில் இன்னும் 14, 15 மாதச் சம்பளம் செலவுப் பக்கம் ஏறும். கடனுக்கான வட்டி தனி.

இதெல்லாம் நானாக வைத்துக்கொண்ட எண்கள்தானே, உலகத்தில் உண்மையாக என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். பொருளாதார அறிஞர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகத் துருவியிருக்கிறார்கள். சக்காரோபூலோஸ், பாட்ரினோஸ் என்ற இருவர் 139 நாடுகளிலிருந்து 1,120 மதிப்பீடுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட தொகுப்பில், ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் வருமானம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது என்று வந்தது. சாதாரண முதலீடு எதற்கும் இது சளைத்ததல்ல.

ஆனால் அந்த 9 படிப்பால் வந்ததா, படிக்கப் போனவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள், வசதியானவர்கள் என்பதால் வந்ததா? நியாயமான சந்தேகம். இதைப் பிரித்துப் பார்க்க ஆஷென்ஃபெல்டர், க்ரூகர் என்ற இருவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் வருடாவருடம் இரட்டையர்கள் கூடும் திருவிழா நடக்கும். 1991-இல் அங்கே போய் இரட்டையர்களிடம் யார் எவ்வளவு படித்தீர்கள், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, அச்சு அசலாக ஒரே முகம். படிப்பு மட்டும் வேறு. கூடுதலாகப் படித்தவர், அப்படிப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 12 முதல் 16 சதவீதம் அதிகம் சம்பாதித்தார் என்று 1994-இல் எழுதினார்கள். பிறகு இன்னும் நிறைய இரட்டையர்களைச் சேர்த்துப் பார்த்தபோது அது 9 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இறங்கினாலும் மறைந்துவிடவில்லை. ஆக, படிப்பு காசைக் கூட்டுகிறது என்பது பொய்யில்லை. அம்மாவுக்கு ஒரு மதிப்பெண்.

அம்மாவுக்கு இரண்டாவது மதிப்பெண்ணும் உண்டு. 11 நாடுகளின் தகவலை வைத்து ஹனுஷெக்கும் மூன்று பேரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளம் வயதில் சீக்கிரம் வேலை கிடைக்கிறது. பொதுக்கல்வி படித்தவர்கள் அந்த வயதில் பின்தங்குகிறார்கள். வயது ஏற ஏற நிலைமை தலைகீழாகிறது. தொழில்நுட்பம் மாறும்போது, ஒரே ஒரு வேலையை மட்டும் நன்றாகக் கற்றவருக்கு வேறு வேலைக்குத் தாவுவது கஷ்டமாகிவிடுகிறது. உங்கள் தொழிலிலேயே பாருங்கள். ரிலே போர்டில் (பழைய லிஃப்டுகளை இயக்கிய மின்சுவிட்சுப் பலகையில்) கை வைத்து ஓசையை வைத்தே கோளாறு சொல்லும் பழைய ஆட்களுக்கு கணினிச் சில்லில் இயங்கும் மைக்ரோபிராசசர் கன்ட்ரோலர் வந்தபோது என்ன ஆனது என்று சூப்பர்வைசரிடமே கேளுங்கள்.

இப்போது மறுபக்கம். சராசரி என்பது முடித்தவர்களையும் முடிக்காதவர்களையும், நல்ல துறையையும் வெறும் காகிதத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கியது. உங்களுக்கு வரப்போவது அதில் ஒரு கரண்டி. எந்தக் கரண்டி என்பதுதான் கேள்வி.

இதில் மிக மோசமான கரண்டி எது தெரியுமா? படிக்காமலே இருப்பது அல்ல. சேர்ந்து, கடன் வாங்கி, பாதியில் விடுவது. கடன் முழுதாக நிற்கும், பட்டம் பாதியாகக்கூட நிற்காது. நான்கில் மூன்று வருடம் படித்தவருக்கு முக்கால்வாசிச் சம்பளம் தரும் முதலாளியை நான் பார்த்ததில்லை. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் முன்வைத்த கருத்தை இங்கே இப்படிப் பொருத்தலாம்: பட்டத்துக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கு, கற்ற பாடத்துக்கு அல்ல, 'இந்த ஆள் தொடங்கியதை முடிப்பான்' என்று முதலாளிக்குக் கிடைக்கும் அடையாளத்துக்கு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நானே மேற்படிப்பு ஒன்றை ஒரு வருடத்தில் விட்டவன். மாதம் ஐந்தாம் தேதி தவணை போகும். ஐந்து வருடம் போனது. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும், வாங்காத பொருளுக்குப் பணம் கட்டுகிறோமே என்றிருக்கும். அந்தத் தவணைதான் என்னை இப்படிப் பணக் கணக்குச் சொல்லும் தொழிலுக்குக் கொண்டுவந்தது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அதனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றேன். "கணக்குப் பாடத்தில் ஒருமுறை தவறி, மறுபடி எழுதித்தான் தேறினேன்." தவறியதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் சேரப்போகும் படிப்பில் முதல் இரண்டு வருடமும் கணக்குதான் முதுகெலும்பு. அதை விட்டு இரண்டு வருடம் ஆகியும் விட்டது. முடிப்பீர்களா என்ற கேள்விக்கு எந்த ஆய்வும் பதில் சொல்லாது. நீங்கள் செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரியின் பெயர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூடுதல் கட்டணம் கட்டிப் பெயர்பெற்ற இடத்தில் சேரலாமா என்று. டேல், க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. பெரிய பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் இவர்களும் பெரிய கல்லூரிக்குப் போனவர்கள் அளவுக்கே சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. தொடர்புகள் வீட்டிலிருந்து வராதவர்களுக்குக் கல்லூரிதான் அதைத் தருகிறது போலும். உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு இடங்களில் ஒன்றுக்கும் அப்படிப்பட்ட பெயர் இல்லை. ஆகவே விளம்பரப் பலகையின் அளவுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

இனி அந்த நாலாவது தப்பு. வேலைப் பக்கத்தின் அடியில், "கட்டணத்துக்கு ஆகும் பணத்தை மாதாமாதம் முதலீடு செய்தால் போட்ட ஒவ்வொரு தொகையும் 8% வட்டியில் 9 வருடத்தில் இரட்டிப்பு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் வருடம் தோராயமாகக் கிடைக்கும், அழகான சூத்திரம். நான் திருப்பி எழுதி ஒன்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? இரண்டு வருடம் வேலை பார்த்ததில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று. ஒரே வரியில் பதில் வந்தது: "பைக் வாங்கினேன், மிச்சம் வீட்டுக்கு. ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக்கூட இல்லை."

ஆக, வேலைப் பக்கத்தில் உள்ள அந்தக் கொழுத்த தொகை இதுவரை இல்லாத ஒரு மனிதருடையது. படிக்காமல் மிச்சப்படுத்திய பணம் முதலீடாகும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் முதலீடு செய்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்குக் கொடுத்தது வீணும் இல்லை. சொல்லப்போனால் அது இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது: நீங்கள் நான்கு வருடம் படிக்கப் போனால், வீட்டுக்குப் போகும் அந்தப் பணத்தை யார் கொடுப்பது? இதை அம்மாவிடம் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் இந்த இடத்தில் முழுக் கடனில் சேர வேண்டாம். ஆனால் படிக்காமலும் இருக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பிலோ பகுதி நேர டிப்ளமாவிலோ சேருங்கள். அதை டிகிரியில் பின்னால் வரவு வைப்பார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் நிற்காததால் 5,172 என்ற அந்தப் பெரிய செலவு அப்படியே விழுந்துவிடுகிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலையில் உட்கார்ந்து முதல் வருடக் கணக்கைத் தேறிவிட்டால், நீங்கள் முடிப்பீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். அப்போது முழுநேரமாகப் போகலாமா என்று மறுபடி பேசுவோம். தேறாவிட்டால், நஷ்டம் சிறியது; கடன் இல்லை.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். கன்ட்ரோலர் வடிவமைப்பு, பாதுகாப்புச் சான்று அளிக்கும் பணி மாதிரி, டிகிரி இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடும் வேலைதான் உங்கள் குறி என்றால், டிகிரிக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. நீங்கள் அப்படி எங்கும் எழுதவில்லை. "ஏதாவது நல்ல கம்பெனி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். 61 மாதச் சம்பளத்தை "ஏதாவது" என்ற சொல்லின் மேல் போட முடியாது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நாள் வந்தால், நான் எல்லோருக்கும் சொல்லும் வரம்பு இது: படிப்பு முடியும்போது நிற்கும் மொத்தக் கடன், முதல் வருடம் எதிர்பார்க்கும் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடுமா, படிப்பை நிறுத்தினால் தவணை எப்போது தொடங்கும், உடன் கையெழுத்துப் போடுபவர் எதற்கெல்லாம் பொறுப்பு, இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப்போவது அப்பா என்றால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து.

அடுத்த ஒரு மாதத்தில் மூன்று பேரிடம் பேசுங்கள். நீங்கள் சேரவிருந்த அதே படிப்பை மூன்று நான்கு வருடத்துக்கு முன் முடித்த ஒருவர். கல்லூரிச் சுவரில் படம் தொங்கும் முதல் மாணவர் வேண்டாம், நடுவில் நின்றவர். அடுத்து, உங்கள் தொழிலில் 45 வயதைத் தாண்டிய ஒருவர். சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், கடைசியாக எப்போது சம்பளம் ஏறியது என்று கேளுங்கள். மூன்றாமவர், உங்கள் மாதிரி ஆட்களை வேலைக்கு எடுக்கும் மேலாளர். "மேலே வர டிகிரி வேண்டுமா, அல்லது எந்தச் சான்றிதழ் போதும்?" என்று நேராகவே கேட்கலாம், சில நிறுவனங்கள் நல்ல மெக்கானிக்கை இழக்காமல் இருக்கப் படிப்புக் கட்டணத்தில் பங்கு தருவதும் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

மூன்று பேரும் சொன்னதை அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். 5 சதவீதம், 8 சதவீதம் என்று நான் வைத்த எண்களை அடித்துவிட்டு அவர்கள் சொன்ன எண்களைப் போட்டு போட்டோ அனுப்புங்கள். சமமாகும் வயதை மறுபடி போட்டுப் பார்ப்போம். இந்த முறை வலப்பக்கத்திலும் கொஞ்சம் அடித்தல் திருத்தல் இருந்தால் நல்லது.